ஈட்ரெக்ஸ் 20 கருவிக்குத் திறமூல வரைபடம்: மேலூர்க் கண்மாய்ப் பகுதிக்கு எந்த மென்பொருள் சரிவரும்?

மேலூர்க்கரை

வணக்கம். மேலூர் வட்டாரத்தில் கண்மாய்களையும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் நடந்து பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் நாங்கள் சில பேர் இறங்கியிருக்கிறோம். எந்த மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) வேலை செய்கிறது, எது தூர்ந்து கிடக்கிறது, கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் அமைப்பு) எந்த நிலையில் இருக்கிறது, மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகிற ஓடை திறந்திருக்கிறதா, நடுவில் யாரும் மண் போட்டு மேடாக்கிவிட்டார்களா என்பதையெல்லாம் இடத்தோடு குறிக்க வேண்டும்.

உறவினர் ஒருவர் தன்னுடைய பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 20 கருவியைக் கொடுத்திருக்கிறார். வானம் தெரிந்தால் சட்டென்று இடம் பிடிக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் அடிப்படை வரைபடத்தில் மதுரை ஒரு புள்ளி, நான்குவழிச் சாலை ஒரு கோடு. யானைமலைகூடக் கிடையாது. என்னிடம் உபுண்டு போட்ட மடிக்கணினி மட்டும்தான் இருக்கிறது. கார்மினின் பேஸ்கேம்ப் விண்டோசுக்கும் மேக்குக்கும்தான் வருகிறது. காசு கொடுத்து வரைபடம் வாங்கவும் விருப்பமில்லை. நாங்கள் சேகரிப்பது ஊர்ச் சொத்து, அது பூட்டிய பெட்டிக்குள் போகக் கூடாது.

லினக்சில் ஓடும் திறமூல மென்பொருள் எது? கருவியில் தமிழ் எழுத்து வருமா? சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைவாசி

கருவியே எதற்கு? ஆண்ட்ராய்டு போனில் ஆஸ்மாண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் போடுங்கள். இரண்டும் திறமூலம், இரண்டுமே இணையம் இல்லாமல் ஓடும். ஆஸ்மாண்டில் நடந்த தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகவே சேமிக்கலாம். தமிழும் ஒழுங்காகத் தெரியும்.

மேலூர்க்கரை

போனிலும் வைத்திருக்கிறோம். ஆனால் சித்திரை வெயிலில் கரைமேல் நின்றால் போன் திரை கண்ணுக்கே தெரிவதில்லை, சூடேறித் தானாக அணைந்தும் போகிறது. ஈட்ரெக்ஸ் திரை வெயில் பட்டால்தான் இன்னும் தெளிவாகிறது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் நாள் முழுக்க ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சேற்றில் விழுந்தாலும் கவலையில்லை. அதனால்தான் கருவியை விட மனமில்லை.

நாகமலை நடை

நானும் அதே கருவியைத்தான் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"ஜிபிஎஸ் வரைபட மென்பொருள்" என்று தேடும்போது எல்லாவற்றையும் செய்யும் ஒரே மென்பொருளைத் தேடுகிறோம். அப்படி ஒன்று இல்லை. மூன்று தனி வேலைகள் இருக்கின்றன. வரைபடத்தைக் கார்மின் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது ஒன்று, கணினியில் வரைபடத்தையும் தடங்களையும் பார்ப்பது ஒன்று, கருவியிலிருந்து எடுத்த தரவைச் சுத்தம் செய்வது ஒன்று. இவற்றுக்கு முறையே எம்கேஜிமேப், கியூமேப்ஷாக், ஜிபிஎஸ்பேபல். மூன்றும் கட்டணமில்லாதவை, மூன்றும் லினக்சில் ஓடும்.

அவசரமாக நாளைக்கே வேண்டுமென்றால் எதையும் தயாரிக்க வேண்டாம். ஓப்பன்டோப்போமேப் தளத்தில் இந்தியா முழுவதற்கும் கார்மின் கோப்பு கிடைக்கிறது, சமஉயரக் கோடு தனிக் கோப்பாக இருக்கும். பிபிபைக் தளத்தில் திரையில் ஒரு கட்டம் வரைந்து "கார்மின்" என்று தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் பதிவிறக்க இணைப்பு வரும். மேலூர், நத்தம், சிங்கம்புணரி அடங்க ஒரு கட்டம் போட்டுக் கேளுங்கள்.

வந்த கோப்பைக் கருவியின் உள் நினைவகத்தில் வைக்காதீர்கள். பேட்டரிக்கு அடியில் மைக்ரோ எஸ்டி அட்டைக்கான இடம் இருக்கிறது. அட்டையை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து "கார்மின்" என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஓர் அடைவு உருவாக்கி அதற்குள் போடுங்கள். மிகப் பழைய கருவிகள் ஜிமேப்சப் என்ற பெயருள்ள ஒரே கோப்பைத்தான் படிக்கும். ஈட்ரெக்ஸ் 20 அப்படியில்லை, எந்தப் பெயரில் எத்தனை கோப்பு வைத்தாலும் வரைபடப் பட்டியலில் காட்டும். வேண்டியதை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். உள்ளே ஜிமேப்பிமேப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதுதான் அடிப்படை வரைபடம், அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, இந்தக் கருவிக்கு மினி யுஎஸ்பி கேபிள் வேண்டும். போன் கேபிள் எதுவும் நுழையாது. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது தரவு போகிற கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரம் மட்டும் கடத்தும் கேபிளும் அதே தோற்றத்தில்தான் இருக்கும். சரியான கேபிள் என்றால் உபுண்டுவில் பென்டிரைவ் மாதிரி தானாகத் திறக்கும், டிரைவர் எதுவும் தேவையில்லை.

திருமங்கலம் ஜாவா

நடை சொன்னதற்கு மேல் கொஞ்சம். நாமே தயாரிப்பதும் கடினமில்லை, இந்த வேலைக்கு அதுதான் நல்லது. எம்கேஜிமேப் ஒரு ஜாவா நிரல். ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவை மண்டலங்களாகப் பிரித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய பொது வரைபடம்) தரவைக் கொடுக்கிறார்கள். தென் மண்டலக் கோப்பை எடுங்கள். அது பெரியது. ஆஸ்மியம் கருவியால் மதுரை, சிவகங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டால் சிறு துண்டாகிவிடும். முழு மண்டலமும் வேண்டுமென்றால் ஸ்ப்ளிட்டர் என்ற துணை நிரலால் சிறு துண்டுகளாகப் பிரித்த பிறகுதான் எம்கேஜிமேப்பிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நினைவகம் போதாமல் நின்றுவிடும். வெட்டிய துண்டுக்கு அந்தப் படி தேவையில்லை.

தமிழ் எழுத்து பற்றிக் கேட்டீர்கள். ஈட்ரெக்ஸில் தமிழ் எழுத்துரு இல்லை, எந்த மென்பொருளும் அதை மாற்றாது. அதனால் எம்கேஜிமேப்பில் பெயர் எடுக்கும் வரிசையைச் சொல்லும் விருப்பம் ஒன்று இருக்கிறது, அதில் ஆங்கிலப் பெயரை முதலில் வையுங்கள், அது இல்லாத இடத்துக்குப் பொதுப் பெயரை எடுக்கும். கியூமேப்ஷாக்கிலும் ஆஸ்மாண்டிலும் பார்ப்பவர்களுக்காகத் தமிழ்ப் பெயரை மூலத் தரவில் கட்டாயம் ஏற்றிவிடுங்கள். கருவியில் தெரியவில்லை என்பதற்காகத் தமிழை விட்டுவிடக் கூடாது.

சிறுமலைக்காரன்

சமஉயரக் கோட்டுக்கு பைஹெச்ஜிடிமேப் பாருங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை வாங்கிக் கோடுகளாக மாற்றிக் கொடுக்கும். அதை எம்கேஜிமேப்பில் தனி வரைபடமாக, ஒளிபுகும் வகையில் தயாரித்தால் சாலை வரைபடத்தின்மேல் படிந்து தெரியும். இரண்டு வரைபடத்துக்கும் குடும்ப எண் (கருவி வரைபடத்தை அடையாளம் காணும் எண்) வேறு வேறாக இருக்க வேண்டும், படிமுன்னுரிமையும் (எது மேலே தெரிய வேண்டும் என்ற வரிசை) கோட்டுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும், கோப்பு கெட்டுவிட்டதோ என்று தேட வேண்டியிருக்கும்.

அழகர்மலை, சிறுமலைப் பக்கம் இது அருமையாக வேலை செய்கிறது. ஏற்றம் எங்கே நெருக்கம், எங்கே தளர்வு என்று நடப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கலுங்கு

மலைக்குச் சரி. கண்மாய் வேலைக்கு அந்தக் கோடுகளை நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 மீட்டர் இடைவெளி. நம் கண்மாய்க் கரையின் அகலம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கரையில் பனையும் கருவேலமும் நின்றால் ரேடார் மரத்தலையைத்தான் பெரும்பாலும் அளக்கும். மேலூர்ச் சமவெளியில் ஒரு கண்மாய் மறுகாலுக்கும் அடுத்த கண்மாய் உள்வாய்க்கும் (தண்ணீர் தேங்கும் பகுதி) உயர வித்தியாசம் சில அடிதான் இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அந்தச் சில அடிதான் தீர்மானிக்கிறது. வரைபடத்தில் வரும் கோடு அதைச் சொல்லாது. லெவல் கருவி வைத்துப் பார்த்தால் தெரியும், அல்லது மடைக்காரர் சொல்வார்.

அதைவிட முக்கியமான விஷயம், நீங்கள் எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எம்கேஜிமேப் எவ்வளவு நன்றாக மாற்றினாலும் மூலத்தில் இல்லாததைக் காட்டாது. எங்கள் ஊரைச் சுற்றி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து பார்த்தேன். பேரணையிலிருந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாய் இருக்கிறது. பெரிய கண்மாய்கள் நீலமாக இருக்கின்றன, பாதிக்குப் பெயரில்லை. மடை ஒன்றுகூட இல்லை, கலுங்கு இல்லை, வரத்துக்கால் ஆரம்பித்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் அறுந்து நிற்கிறது. கண்மாய் என்பது நீலக் குழி இல்லையே. மேலிருந்து வரும் கால், கீழே போகும் மறுகால், பாசன மடை எல்லாம் சேர்ந்த சங்கிலி அது. அந்தச் சங்கிலியை நாம் ஏற்றாமல் கருவிக்குள் எந்த வரைபடத்தைப் போட்டாலும் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் வண்ணமாக இருக்கும், அவ்வளவுதான்.

மேலூர்க்கரை

நீங்கள் சொல்வதுதான் எங்கள் நோக்கமும் அக்கா. எப்படி ஏற்றுவது என்று சொல்லுங்கள். எந்தப் பெயரில் குறிப்பது?

கலுங்கு

ஜோஸ்ம் என்ற மென்பொருளில் செய்யுங்கள், அதுவும் ஜாவாதான். கருவியில் பதிந்த ஜிபிஎக்ஸ் தடத்தை அதில் திறந்து, அடியில் செயற்கைக்கோள் படம் வைத்து வரைய வேண்டும். நான் பின்பற்றும் முறை இது: கண்மாய்க்கு "நேச்சுரல் வாட்டர்", அதன் வகையாக "ரிசர்வாயர்". கோடையில் வற்றுமென்றால் "இன்டர்மிட்டன்ட்" என்றும் சேர்க்கவும், நம் பக்கம் அநேகமாக எல்லாமே அப்படித்தான். கரைக்கு "எம்பேங்க்மென்ட்". மடைக்கு "ஸ்லூயிஸ் கேட்", கலுங்குக்கு "வியர்". வரத்துக்கால் வெட்டிய கால்வாய் என்றால் "கெனால்", சின்ன வாய்க்கால் "டிட்ச்", இயற்கையான ஓடை என்றால் "ஸ்ட்ரீம்".

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழிக் கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும் என்பது விதி. படத்தைப் பார்த்து வீட்டிலிருந்து வரைபவருக்குத் திசை தெரியாது, நடந்தவருக்குத் தெரியும். திசை சரியாக இருந்தால் நாளைக்கு ஒருவர் கியூஜிஐஎஸ் என்ற வரைபட ஆய்வு மென்பொருளில் எந்தக் கண்மாய் எதற்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று முழு வலையையும் எடுத்துவிடலாம். தவறாக இருந்தால் கோடு இருந்தும் பயனில்லை.

மடைக்கும் கலுங்குக்கும் கருவியில் தனித்தனிக் குறி தெரிய வேண்டுமென்றால் எம்கேஜிமேப்பின் பாணிக் கோப்பில் (எதை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கோப்பு) புள்ளிகள் பகுதியில் உங்கள் வரிகளைச் சேர்க்கலாம், குறியின் படத்தை டிஒய்பி என்ற தோற்றக் கோப்பில் மாற்றலாம். ஜாவா தம்பிக்கு அது தெரிந்திருக்கும்.

ஒத்தக்கடை

கூகுள் வரைபடத்தில் கண்மாய்ப் பெயரெல்லாம் இருக்கிறதே, அதைப் பார்த்து ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே?

திருமங்கலம் ஜாவா

கூடாது அண்ணே. அதன் உரிமம் அனுமதிக்காது. தெரிய வந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்கள் ஏற்றியது முழுக்க அழிக்கப்படும், கூட உழைத்தவர்களின் வேலையும் சேர்ந்து போகும். பிங், எஸ்ரி செயற்கைக்கோள் படங்களின் மேல் வரைய அனுமதி இருக்கிறது, அவை ஜோஸ்மிலேயே கிடைக்கும். அந்தப் படங்கள் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். கரைமேல் நடந்த தடத்தோடு ஒப்பிட்டுப் படத்தை நகர்த்திவிட்டு அப்புறம் வரையுங்கள். பெயரை ஊரில் கேட்டு எழுதுங்கள்.

ஒத்தக்கடை

சரி தம்பி. நாமாக வரைபடம் போட்டு வெளியிடுவது சட்டப்படி சரிதானா? அதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய சங்கிலி

அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இதற்குப் பதில் சொல்கிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்தியர்கள் வரைபடத் தரவைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை. தடை செய்யப்பட்ட சில விவரங்களுக்கும் மிக நுண்ணிய துல்லியத்துக்கும் மட்டும் வரம்பு இருக்கிறது. கண்மாய் மடை அதில் வராது. ஈட்ரெக்ஸ் சிக்னல் வாங்கும் கருவி மட்டும்தான், வைத்திருக்கலாம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளுக்குத்தான் நம் நாட்டில் உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரும் வாங்கி வந்தால் கவனம்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை இருப்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. அழகர்மலையானாலும் சிறுமலையானாலும் வனத்துறையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி துல்லியம். இந்தக் கருவி திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். யானைமலை, அரிட்டாபட்டி மாதிரி வெறும் பாறைச் சுவரை ஒட்டி நின்றால் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வருவதால் இன்னும் தள்ளிப்போகும். பாறையை விட்டு விலகி நின்று குறியுங்கள். மடை எங்கே இருக்கிறது என்று சொல்ல இந்தத் துல்லியம் போதும். கண்மாய் உள்வாயில் ஆக்கிரமிப்பு எத்தனை அடி என்று சொல்ல இது போதவே போதாது. அந்தத் தப்பை யாரும் செய்ய வேண்டாம். ஈட்ரெக்ஸ் தடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விவசாயியிடம் "நீங்கள் இவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறீர்கள்" என்று சொல்வது அநியாயம். அது புலப்படமும் (நிலத்தின் அளவுகள் உள்ள அரசுப் படம்) அளவைக் கல்லும் வைத்து அளவர் தீர்மானிக்க வேண்டியது.

வைகைவாசி

ஐயா, கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து கருவியில் போட முடியுமா? பழைய சர்வே தாள்களையும்?

பழைய சங்கிலி

போடலாம். கியூஜிஐஎஸ்ஸில் படத்தை இடத்தோடு பொருத்தும் வசதி இருக்கிறது. மூன்று கிராம எல்லை சேரும் இடத்தில் நட்ட கல், பழைய கிணறு, கோயில், கலுங்கின் முனை என்று இன்றும் நகராமல் இருக்கும் இடங்களில் நின்று கருவியில் புள்ளி எடுங்கள். படம் முழுக்கப் பரவலாக எடுக்க வேண்டும். ஒரு மூலையிலேயே எடுத்தால் மறு மூலை கோணிவிடும். அதைக் கேஎம்இசட் கோப்பாக்கிக் கருவியின் கஸ்டம் மேப்ஸ் அடைவில் வைக்கலாம். ஒரு துண்டு 1024-க்கு 1024 பிக்சலுக்குள் இருக்க வேண்டும், மொத்தம் 100 துண்டு வரைதான் இந்தக் கருவி ஏற்கும். ஒரு கிராமத்துக்குத் தாராளம்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்களில் ஒரு கவனம் வேண்டும். அவை எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி அளவு முறையை அடிப்படையாகக் கொண்டவை, கருவி காட்டுவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறை. தாளில் உள்ள அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே கருவியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். கியூஜிஐஎஸ்ஸில் மூல அளவு முறையைச் சரியாகக் கொடுத்தால் அதுவே மாற்றிவிடும்.

உயரத்திலும் அப்படித்தான். செயற்கைக்கோள் கணக்கிடும் உயரம் ஒரு கணிதக் கோளத்திலிருந்து. நம் தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. கார்மின் அதைத் திருத்திக் காட்டும். போனில் சில செயலிகள் திருத்தாமல் காட்டுவதால் மதுரை கிட்டத்தட்டக் கடற்கரை ஊர் மாதிரித் தெரியும். போன் தடத்தையும் கருவித் தடத்தையும் ஒரே கோப்பில் கலந்துவிடாதீர்கள்.

நாகமலை நடை

களத்தில் செய்கிற சின்ன விஷயங்களும் இருக்கின்றன. கருவியில் குச்சியை அசைத்து அசைத்துப் பெயர் எழுதுவது நேரத்தைத் தின்னும். எண்ணை மட்டும் விட்டுவிட்டு, அந்த எண்ணுக்கு நேராக நோட்டில் மடையின் பெயரையும் நிலையையும் எழுதுங்கள். நடை தொடங்கும்போது கருவியின் கடிகாரத் திரையைக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதை வைத்து ஜோஸ்ம் எல்லாப் படங்களையும் தடத்தோடு நேரம் பார்த்துப் பொருத்திவிடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் அளவு தப்பாகக் காட்டும். வரைபடம் நகர்த்தும்போது திணறினால் விவர அளவைக் குறையுங்கள்.

மேலூர்க்கரை

எல்லோருக்கும் நன்றி. பிபிபைக் கோப்பை அட்டையில் போட்டேன், வந்துவிட்டது. அதே கோப்பைக் கியூமேப்ஷாக்கிலும் திறந்து அதன்மேல் எங்கள் தடத்தைப் பார்க்க முடிகிறது. எம்கேஜிமேப்பையும் ஓட்டிப் பார்த்தேன், வெட்டிய துண்டுக்கு என் பழைய மடிக்கணினியே போதுமாக இருக்கிறது.

நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். மறுகால் வழியே இறங்கிக் கண்மாய் கண்மாயாகப் போவோம், ஒரு சங்கிலி முடிந்த பிறகுதான் அடுத்தது. ஏற்றியதும் புதிதாக வரைபடம் தயாரித்து அடுத்த நடைக்கு அதையே கொண்டுபோவோம். ஜாவா, மடைக்குறி சேர்த்த பாணிக் கோப்பை இங்கே போட்டால் உதவியாக இருக்கும்.

திருமங்கலம் ஜாவா

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் அண்ணே. மடை, தூர்ந்த மடை, கலுங்கு மூன்றுக்கும் தனிக் குறி வைக்கிறேன். தூர்ந்ததை மூலத் தரவில் "டிஸ்யூஸ்டு" என்று குறித்துவிடுங்கள், அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

உசிலைவாசி

தாமதமாக வந்து கேட்கிறேன். என்னிடம் 2000 காலத்து மஞ்சள் ஈட்ரெக்ஸ் இருக்கிறது. இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் இருக்கிறது. இதற்கும் வரைபடம் போடலாமா?

நாகமலை நடை

அதில் வரைபடம் ஏறாது, தடமும் புள்ளியும் மட்டும்தான். தேதிக்குக் காரணம், ஜிபிஎஸ் வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. இடத்துக்கு அதனால் பாதிப்பில்லை. யுஎஸ்பி சீரியல் மாற்றியோடு இணைத்து ஜிபிஎஸ்பேபலால் தடத்தை எடுங்கள், எடுக்கும்போதே நேரத்தை 7168 நாள் முன்னால் நகர்த்தச் சொல்லலாம். கருவியில் "சேமி" கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், சேமித்த தடத்தில் நேரம் இருக்காது.